பவளத் தொட்டியில் கால்சியமும் காரத்தன்மையும்: ஒரு வரலாறு

பவளத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களைக் கடல்நீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியாகும். பவளங்கள் நீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணக் கூட்டைக் கட்டுகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. பெருங்கடலில் இந்த எடுப்பு தெரிவதில்லை; சிறிய தொட்டியில் விரைவில் தெரிந்துவிடும். முதலில் சரிவது காரத்தன்மையே. அது பாதியாகக் குறையும்போதும் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 25 மில்லிகிராமே குறைந்திருக்கும்.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். கடலோரத்தில் இருந்தவர்களுக்குப் புதிய கடல்நீர் எளிதில் கிடைத்தது. கடலிலிருந்து தொலைவில் இருந்தவர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. 1970களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கன்ஸ், ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றும் முறையைப் பரப்பினார். வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றுச் சுண்ணாம்பே இதன் மூலப்பொருள். இது கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் தருகிறது. ஆனால் இதன் காரம் மிகக் கடுமையானது. எனவே துளித்துளியாக, பெரும்பாலும் இரவில் விடப்படுகிறது. ஒளிச்சேர்க்கை நின்று, கரியமில வாயு கூடி, நீரின் பிஎச் தாழும் நேரம் அது.

ஆவியாகும் அளவுக்கு மேல் இந்நீரை ஊற்ற இயலாது என்பது இம்முறையின் எல்லை. 1990களில் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் பரப்பிய முறையில் கால்சியம் குளோரைடும் சமையல் சோடாவும் தனித்தனிக் கரைசல்களாகச் சேர்க்கப்படுகின்றன. இரண்டையும் நேராகக் கலந்தால் வெண்ணிற வீழ்படிவாகி வீணாகும். மிஞ்சும் உப்பால் மற்ற அயனிகளின் விகிதம் மாறாமலிருக்க, சோடியம் குளோரைடு இல்லாத உப்புக் கலவையும் சேர்க்கப்படுகிறது.

தமிழகத்தில் இவ்வரலாறு எதிர்த்திசையில் நடந்தது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டியெடுக்கப்பட்டன. அரண் இழந்த விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கின. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதால், அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும்.

ஒரு சிறு தொட்டியின் சில பவளங்களுக்கே நாள்தோறும் அளந்து ஊற்ற வேண்டியிருக்கிறது. துளித்துளியாகச் சேர்ந்த சுண்ணத்தால் உருவான பாறையை வெட்டியெடுத்தால், அந்த இழப்பை எந்தக் கரைசலாலும் ஈடுசெய்ய முடியாது.