தலைமன்னார்: மலையகத்தின் துறைமுகம்

துறைமுகம் என்றதும் செல்வம் கொழிக்கும் பட்டினமொன்றே நம் மனக்கண்ணில் எழுகிறது. அட்டனிலும் நுவரெலியாவிலும் விளைந்த தேயிலைக்குக் கொழும்பு அத்தகைய பட்டினமாயிற்று. அத்தேயிலையைக் கொய்த நம் மக்களுக்கோ, மணலும் பனையும் உப்புக்காற்றுமே உடைமையான தலைமன்னார்தான் துறைமுகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்கட்டிய கங்காணிமார், தமிழகத்தில் பஞ்சத்தால் நொந்தவர்களைத் தோணிகளில் ஏற்றி மன்னார்க் கரையில் இறக்கினர். அங்கிருந்து வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை கால்நடைப் பயணம். வாந்திபேதியும் பசியும் எத்தனையோ பேரைப் பாதையோரத்திலேயே சாய்த்தன. 1869-இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியும் உழைப்பவர் நிலை மாறவில்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது. தனுஷ்கோடியிலிருந்து நீராவிக் கப்பலும் ஓடலாயிற்று. தோட்ட முதலாளிகளுக்கு இனி ஆட்கள் விரைவாகக் கிடைத்தனர்.

இத்தகைய துறைமுகம் உலகில் இது ஒன்றே அன்று. ஜப்பானின் கோபே நகரிலிருந்து 1908-இல் 'கசாத்தோ மாரு' என்னும் கப்பல், எழுநூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானியரைப் பிரேசிலின் கோப்பித் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றது. குடிபெயர்வோர் தங்குவதற்காகப் பின்னர் அங்கு எழுந்த கட்டடம், இன்று அவர்தம் வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாக நிற்கிறது.

தலைமன்னாருக்கோ இன்னொரு துயரமும் வாய்த்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னுக்குத் தள்ளிற்று. சரக்கைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த அவ்விரு அரசுகளும் அம்மக்களைக் கலந்து கேட்கவில்லை. தாயை விட்டு மகனும், அக்காளை விட்டுத் தம்பியும் மலையிறங்கினர். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலையகம் பெயரிட்டது. அன்று பாட்டன் வந்திறங்கிய துறையிலேயே பேரன் கப்பலேறினான். போர் மூண்டபின் 1984-இல் அக்கப்பலும் நின்றது.

2003-ஆம் ஆண்டுச் சட்டம், எஞ்சிய நாடற்றவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை அளித்தது. 2023-இல், இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் மீண்டும் நடந்தனர். இம்முறை அவர்களைக் கங்காணி எவனும் ஓட்டிச் செல்லவில்லை. காணியும் வீடும் உரிமையும் கேட்டு அவர்களே நடந்தனர். அந்தக் கோரிக்கை நிறைவேறும்வரை, தலைமன்னாரில் தொடங்கிய பயணம் முடிந்துவிட்டதென்று நாம் சொல்வதற்கில்லை.