சுகோ என்னும் சாறு

நம் வீடுகளில் சாஸ் என்றால் பாட்டில். சமோசாவுக்குப் பக்கத்தில் சிவப்பாக, நூடுல்ஸ் கடையில் கறுப்பாக, எப்போதும் வெளியிலிருந்து வாங்கி வருவதாக, முடிந்துபோன ஒரு பொருளாகத்தான் அந்தச் சொல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் பாஸ்தா செய்யலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதல் வேலையாகக் கடைக்குப் போய் 'பாஸ்தா சாஸ்' என்று எழுதிய பாட்டிலைத் தேடுகிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு, இது விசேஷ நாளுக்கான பண்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இவ்வளவுக்கும் காரணம் ஒரு சொல் என்றே நான் நினைக்கிறேன். இத்தாலியச் சமையற்கட்டில் பாஸ்தாவோடு சேர்வதற்கு வழங்கும் சொற்கள் வேறு. அவற்றில் பல, கை செய்யும் வேலையைச் சொல்பவை: பிழி, இடி, வதக்கு, வடி. பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதிச் சமையல் தெரிந்துவிடும்.

முதலில் சாஸையே எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. 'சால்ஸா' என்றால் உப்பிட்டது. ஸ்பானியமும் இத்தாலியமும் அதை அப்படியே வைத்துக்கொண்டன. பிரெஞ்சுக்காரர் நாவில் நடுவிலிருந்த லகரம் கரைந்து 'சோஸ்' ஆனது. ஆங்கிலம் அதை வாங்கி நம்மிடம் தந்தது. சாலட், சலாமி, சாசேஜ் எல்லாமே அதே உப்புக் குடும்பத்துப் பிள்ளைகள். பாஸ்தா என்ற சொல்லும்கூட அந்தப் பக்கத்து உறவுதான். மாவுப் பிசைவைக் குறிக்கும் பின்லத்தீன் சொல் அது. அதற்கும் முன்னே கிரேக்கத்தில் வாற்கோதுமைக் கூழைக் குறித்தது. தூவப்பட்டது, உப்பிடப்பட்டது என்ற பொருளில் பிறந்திருக்கக்கூடும் என்கிறார்கள் சொல்வரலாறு எழுதியவர்கள்.

இந்த உப்பு வெறும் ஏட்டுச் செய்தி இல்லை. இத்தாலியில் எல்லோரும் அறிந்த கணக்கு ஒன்று உண்டு: 1, 10, 100. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தா. நம்மவர்கள் செய்யும் பாஸ்தா பெரும்பாலும் சப்பென்று இருப்பது இங்கேதான். கொதிநீரில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, உப்பையெல்லாம் மேலே ஊற்றும் குழம்பில் சேர்க்கிறோம். உள்ளே உப்பு ஏறாத மாவை எந்தச் சாறும் காப்பாற்றாது.

சாறு என்று சொன்னேன். அதுதான் இந்தக் கட்டுரையின் நாயகச் சொல். வேலை நாளில் இத்தாலிய வீட்டு அடுப்பில் இருப்பதன் பெயர் 'சுகோ'. லத்தீனில் 'சூகுஸ்', சாறு. இத்தாலியத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. பழச்சாறு 'சுக்கோ'; இறைச்சியிலிருந்தும் தக்காளியிலிருந்தும் சட்டியில் இறங்குவது 'சுகோ'. கரும்பைப் பிழிந்தாலும் சாறு, புளியும் மிளகும் கொதித்து வந்தாலும் சாறு என்று ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைத்திருக்கும் நமக்கு இந்த உறவை விளக்கவே வேண்டாம். சுகோவை சாஸ் என்று பெயர்த்தபோது இழந்ததை, சாறு என்று பெயர்த்தால் மீட்டுக்கொள்ளலாம்.

சுகோவும் சால்ஸாவும் ஒன்றல்ல என்று அச்சிலேயே அழுத்திச் சொன்னவர் பெல்லெக்ரினோ அர்தூசி. வியாபாரத்தில் இருந்து ஓய்ந்து, பிளாரன்ஸில் வாழ்ந்த அவர் 1891-ல் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல் இன்றும் இத்தாலிய வீடுகளில் இருக்கிறது. தக்காளியை வெறுமனே வேகவைத்து வடித்தால் அது சுகோ. மிஞ்சிப்போனால் கொஞ்சம் செலரி, இரண்டொரு துளசி இனத்து இலை. வெங்காயம், பூண்டு, செலரி எல்லாம் பொடியாக அரிந்து சேர்த்துச் செய்தால் அது சால்ஸா. சால்ஸாவுக்கான குறிப்பைத் தொடங்கும்போது, எல்லா வீட்டு விஷயத்திலும் தலையிடும் ஒரு பாதிரியாரைப் பற்றிச் சொல்கிறார். எதிலும் நுழைந்துவிடுவதால் ஊரார் அவருக்கு 'தோன் பொமொதோரோ', அதாவது தக்காளிச் சாமி என்று பெயர் வைத்தார்களாம். அர்தூசி எழுதிய காலத்துக்குள் தக்காளி எல்லாச் சட்டியிலும் நுழைந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் அந்த நுழைவு எவ்வளவு தாமதமாக நடந்தது! 'பொமொதோரோ' என்றால் தங்க ஆப்பிள். 16-ம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியர் அப்படித்தான் அதை அழைத்தார்கள். பெயர் வைத்துவிட்டு, வெகுகாலம் சாப்பிடத் தயங்கினார்கள். (நாமும் புதுப் பழத்துக்குப் புதுப் பெயர் தேடவில்லை, மணத்தக்காளியின் பெயரிலேயே பங்கு கொடுத்தோம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் அந்தப் பெயரில் தவறும் இல்லை.) நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி 1692-லும் 1694-லும் இரண்டு பாகமாக வெளியிட்ட நூலில்தான் தக்காளி சால்ஸா முதன்முதலாக அச்சேறியது. அவர் அதற்கு வைத்த பெயர் 'ஸ்பானிய முறை'. அப்போது நேப்பிள்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. தணலில் தக்காளியைச் சுட்டு, கருகிய தோலை உரித்து, கத்தியால் பொடியாகக் கொத்தி, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், வினிகர் சேர்க்கச் சொல்கிறார். படிக்கும்போதே நம் சுட்ட தக்காளிச் சட்னி கண்முன் வருகிறது. பாஸ்தாவுக்கு அல்ல, அது தொட்டுக்கொள்ளும் பண்டம். 1787-ல் நேப்பிள்ஸ் போன கவிஞர் கெதே, அங்கே தெருவில் விற்ற மக்ரோனியின் மேல் துருவிய பாலாடைக்கட்டி இருந்ததைத்தான் எழுதுகிறார். இப்போலித்தோ கவால்காந்தி நேப்பிள்ஸ் வழக்குமொழியில் எழுதிய பகுதியோடு 1839-ல் வந்த அவரது சமையல் நூல் பதிப்பில், சேமியா போன்ற மெல்லிய பாஸ்தாவும் தக்காளியும் ஒரே தட்டில் வந்துவிட்டன. எனவே, இத்தாலி என்றதும் நம் மனத்தில் எழும் அந்தச் சிவப்புத் தட்டுக்கு வயது இருநூறு ஆண்டை ஒட்டித்தான்.

சுகோவை நான் செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்கு முக்கால் கிலோ தக்காளி. சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி நல்லது. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் நீரும் கூடுதல். அடியில் சிலுவைக் கீறல் போட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் விட்டால் தோல் சுருண்டு கையோடு வந்துவிடும். அகலமான வாணலியில் மூன்று கரண்டி ஆலிவ் எண்ணெய், நசுக்கிய இரண்டு பல் பூண்டு. பூண்டு பொன்னிறத்துக்குப் போகும் முன்பே தக்காளியைக் கையால் கசக்கிப் போட வேண்டும். முதலில் தண்ணீர் சலசலவென்று ஓடும். பத்து நிமிடத்தில் சத்தம் தடிக்கும். கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் ஒரு கணம் நின்று பிறகு மூடும். அதுதான் பதம். நேப்பிள்ஸ்காரர்கள் அவசரத்துக்குச் செய்யும் இப்படிப்பட்ட சாற்றை 'ஷுவே ஷுவே' என்பார்கள்; நம் 'சட்டுபுட்டு' போன்ற இரட்டைச் சொல். வெங்காயமும் பூண்டும் சேர்த்து வதக்கும் அடித்தளத்துக்கு அவர்கள் சொல் 'சொஃப்ரித்தோ'. லத்தீன் முன்னொட்டோடு பிரித்தால் 'பொரியலுக்குக் கீழே' என்று வரும். பொரிப்பதற்கு முந்திய நிலை, நம் வதக்கல். தீயைக் கூட்டக் கூடாது என்று அந்தப் பெயரே எச்சரிக்கிறது.

அவசரச் சாற்றின் எதிர்முனை 'ராகூ'. சுத்த இத்தாலியம்போல் ஒலித்தாலும் இது பிரெஞ்சு. 'ரகூத்தே' என்ற வினைக்கு, மங்கிய ருசியை மறுபடி எழுப்புதல் என்று பொருள். அயல்சொற்களை விரட்டிய பாசிச ஆட்சிக்காலத்தில் அதை 'ராகுத்தோ' என்று திருத்திப் பார்த்தார்கள்; யாருடைய வாயிலும் அது ஒட்டவில்லை. போலோனியாவில் இது கொத்திறைச்சி. 1982 அக்டோபர் 17-ம் தேதி அந்நகர வணிகச் சபையில் பதிவு செய்யப்பட்ட செய்முறையில் வடித்த தக்காளி ஐந்தே கரண்டி. பால் ஒரு தம்ளர். நேப்பிள்ஸில் முழு இறைச்சித் துண்டுகள் மணிக்கணக்கில் தக்காளியில் கிடக்கும். அங்கே அது கொதிக்கக் கூடாது, 'பிப்பியாரே' செய்ய வேண்டும் என்பார்கள். மூடியைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்து, அடித்தீயில், ஒரு குமிழி எழுந்து 'பிப்' என்று உடைந்து, சற்று இடைவெளி விட்டு அடுத்தது எழும் ஓசையிலிருந்து பிறந்த வினைச்சொல் அது. எதுவார்தோ தெ ஃபிலிப்போ 1959-ல் எழுதிய நாடகத்தின் பெயர் 'சனி, ஞாயிறு, திங்கள்'. சனியன்று அடுப்பில் ஏறும் ராகூவைச் சுற்றித்தான் அதில் வரும் குடும்பத்தின் மனத்தாங்கல் முழுவதும் சுழல்கிறது. வேலை நாளுக்கு இது ஆகாது என்று விட்டுவிட வேண்டாம். ஞாயிறு செய்து வைத்த ராகூ செவ்வாயன்று இன்னும் நன்றாக இருக்கும், நம் மீன்குழம்பைப் போல.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த சொல்: பெஸ்டோ. 'பெஸ்தாரே' என்றால் இடித்தல். பெஸ்டோ என்றால் இடித்தது, அவ்வளவுதான். நாம் துவைத்ததைத் துவையல் என்றோமே, அதே இலக்கணம், அதே கைவேலை. இந்தக் குடும்பத்தில்தான் ஆங்கிலத்தில் குழவியைக் குறிக்கும் சொல்லும், வண்டி எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் பிறந்தன. ஜெனோவா நகரத்துப் பெஸ்டோ 1863-ல் ஜொவான்னி பத்திஸ்தா ரத்தோவின் சமையல் நூலில் அச்சானது. பேசில் இலை, பூண்டு, பைன் விதை, கல்லுப்பு, இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய். பளிங்கு உரல், மர உலக்கை. அந்த இலை நமக்கு அந்நியமில்லை. திருநீற்றுப்பச்சை என்று நாம் அழைப்பதும் அதே இனம்தான், மணம் மட்டும் மண்ணுக்கு மண் மாறும்.

மிக்சியில் போட்டால் என்ன? போடலாம், நானும் அவசரத்தில் போட்டிருக்கிறேன். அலகின் வேகத்தில் இலை சூடேறிக் கறுத்து, மணத்தில் ஒரு கசப்பு தங்கும். சின்ன உரலில் முதலில் பூண்டையும் உப்பையும் விழுதாக்கி, பிறகு இலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, குத்தாமல் சுவரோடு அழுத்திச் சுழற்றினால் இலை கிழிந்து பச்சை எண்ணெய் கசியும். பத்து நிமிட வேலை. பெஸ்டோவை அடுப்பில் ஏற்றவே கூடாது. ஜெனோவாவில் பாஸ்தா வேகும் அதே பாத்திரத்தில் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் போட்டு, எல்லாவற்றையும் வடித்து, அந்த நீரில் ஒரு கரண்டி விட்டு பெஸ்டோவைத் தளர்த்திக் கலக்குவார்கள். ஒரே பாத்திரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது.

சாற்றைச் சேமிக்கும் சொற்களும் வினைகள்தாம். 'பஸ்ஸாத்தா' வடிகட்டி வழியே கடந்து வந்தது. ஆகஸ்ட் மாதம் தென்னித்தாலியக் குடும்பங்கள் கூடி உட்கார்ந்து ஆண்டுக்குத் தேவையானதைப் பாட்டிலில் அடைப்பார்கள். 'பெலாத்தி' தோலுரித்தது. சிசிலியில் 'ஸ்த்ராத்து', சத்து இறக்கியது. வடித்த தக்காளியில் உப்புச் சேர்த்து அகலமான மரப்பலகைகளில் பரப்பி, கோடை வெயிலில் நாள்கணக்கில் கிளறிக் கிளறி, செங்கல் நிறத்துக்கு இறுகும்வரை காயவிடுவார்கள். மாலையில் உள்ளே எடுத்து வைக்கும் அந்தப் பரபரப்பு, வடாம் போட்ட வீடுகளுக்குத் தெரிந்ததுதான்.

சொல் கப்பலேறினால் வேறு வேடம் போடும். 1880-க்குப் பிறகான நாற்பதாண்டுகளில் நாற்பது லட்சம் இத்தாலியர் அமெரிக்கா போனார்கள், பெரும்பாலும் தெற்கிலிருந்து. அங்கே பிள்ளைகள் சுகோவை 'கிரேவி' என்று பெயர்த்தார்கள். நியூ ஜெர்சியிலும் பிலடெல்பியாவிலும் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கிரேவி இன்றைக்கும் உண்டு. சாறு என்பதை விட்டுக்கொடுக்காமல் பெயர்த்தார்களே என்று அந்தச் சொல்மேல் எனக்குத் தனி மரியாதை. ஜெனோவாக்காரர்கள் போய்க் குடியேறிய புவெனோஸ் ஐரிஸில் பாஸ்தாவுக்கு ஊற்றுவது 'தூக்கோ'. ஜெனோவா வழக்கின் இறைச்சிச் சாறு கடல் தாண்டி நின்றுவிட்ட உருவம்.

வினையே இல்லாத ஒரு பெயர் உண்டு: 'ஆல்யோ எ ஓல்யோ', பூண்டும் எண்ணெயும். நள்ளிரவில் பசித்தால் இத்தாலியர் செய்வது. மெல்லிய வில்லைகளாக அரிந்த பூண்டைக் குளிர்ந்த எண்ணெயிலேயே போட்டு, சிறுதீயில் வைத்து, கிள்ளிய மிளகாய் வற்றல் சேர்த்து இறக்கிவிட வேண்டும். இதில் சாறு எங்கே என்றால், பாஸ்தா வெந்த தண்ணீரில். மாவுச்சத்து கலங்கிய அந்த நீரில் ஒரு கரண்டியை எண்ணெயில் விட்டு, ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்த பாஸ்தாவைப் போட்டுச் சுழற்றினால், தனித்தனியே நின்ற நீரும் எண்ணெயும் கூடிப் பால்போல் இழையை மூடும். இந்தச் சுழற்றலுக்கு 'மந்தெகாரே' என்று பெயர். கொழுப்பையும் வெண்ணெயையும் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. எந்தச் சாறாக இருந்தாலும் கடைசி நிமிடம் இதுதான். தட்டில் பாஸ்தாவை வைத்து மேலே ஊற்றுவது நம் ஓட்டல் வழக்கம். அங்கே வாணலியிலேயே இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும். வடித்த நீரைத் தொட்டியில் கொட்டும் முன் ஒரு தம்ளர் எடுத்து வையுங்கள்.

எல்லாம் தின்று முடித்த தட்டின் அடியில் கொஞ்சம் சிவப்பு மிஞ்சும். ரொட்டித் துண்டைக் கிள்ளி, விரலால் அழுத்தி, தட்டைச் சுற்றி வழித்து எடுப்பார்கள். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: 'ஸ்கார்பெத்தா', சின்னச் செருப்பு. தேய்த்துக்கொண்டே நடக்கிறதே, அதனால் இருக்கலாம். விருந்தில் செய்தால் மரியாதைக் குறைவு என்பார்கள். வீட்டில் யாரும் தடுப்பதில்லை.