ஒரு சைக்கிள் பாதை போதாது

ஆம்ஸ்டர்டாம்காரங்க பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சலா வரும். 1971-ல் நெதர்லாந்து சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தாங்க. அதுல 400-க்கும் மேல குழந்தைங்க. மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’னு கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு போராட்ட இயக்கத்தின் பெயராச்சு. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வேற வந்துச்சு. எழுபதுகளின் நடுவுல டில்பர்க், தி ஹேக் நகரங்களில் அரசு தலா ஒரு சோதனைப் பாதை போட்டது. கடைக்காரங்க கொதிச்சாங்க (எந்த ஊர்லதான் கொதிக்கல?).

ஆய்வு செஞ்சப்போ, பக்கத்துத் தெருவுல ஓட்டினவங்கதான் அங்க மாறியிருந்தாங்க. புதுசா சைக்கிள் எடுத்தவங்க குறைவு. அதனால எண்பதுகளில் டெல்ஃப்ட் நகரம் விட்டுப்போன துண்டுகளை எல்லாம் கோத்து, ஊர் முழுக்கப் பாதைகளை வலையா இணைச்சது. அங்கதான் சைக்கிள் பயணம் கூடுச்சு.