எண்ணெயும் வாய் வெண்புண்ணும்

அந்தமானில் சாத்தம் துறையிலிருந்து படகேறினால் எதிர்க்கரையில் அமைந்த ஊர் பாம்பூஃப்ளாட். இங்கும், இதனையொத்த தொலைவிடங்களிலும் வாழும் தமிழ்த் தாய்மாருக்கு ஊரிலுள்ள மூத்தோரின் துணை எளிதிற் கிட்டுவதில்லை. குழந்தையின் நாவில் தயிரேடு போன்ற வெண்படலம் படிந்தால், நினைவில் நிற்கும் கைவைத்தியத்தையே நாடுகின்றனர். தென்னை மிகுந்த தீவில் தேங்காய் எண்ணெய் முதலில் கைக்கு வருவது இயல்பே.

நம் வைத்தியர்கள் இந்நோயை அக்கரம் என்றனர். எண்ணெயை வாயில் நிறைத்துக் கொப்பளிக்கும் முறையைச் சரக சம்ஹிதையும் கூறுகிறது. நோயின் மூலம் புலப்பட்டதோ பிற்காலத்தில். 1839 இல் ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக் நோயாளியொருவரிடம் பூஞ்சையைக் கண்டார். 1846 இல் ஸ்வீடன் மருத்துவர் பெர்க், குழந்தைகளின் வெண்புண்ணுக்குப் பூஞ்சையே காரணமென விளக்கினார். அதற்கு இன்று காண்டிடா என்பது பெயர். தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலமும், கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினாலும் சோதனைக்குழாயில் அப்பூஞ்சையை அடக்குகின்றன. ஆகவே முன்னோர் வழக்கத்தை மூடநம்பிக்கையென்று தள்ளுவதற்கில்லை.

ஆயினும் சோதனைக்குழாய் வேறு; நோயுற்ற உடல் வேறு. எண்ணெயால் புண் ஆறுவதும் நோய் வேரறுவதும் ஒன்றல்ல என்பதற்கு அந்தமான் வரலாறே சான்று. 1870களில், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில், டாக்டர் டூகல் தீவுக் காட்டிலுள்ள கர்ஜன் மரத்தின் எண்ணெயைச் சுண்ணாம்பு நீருடன் குழைத்துத் தொழுநோயுற்ற கைதிகளுக்கு உள்ளும் புறமும் அளித்தார். அவர்கள் நலம் பெற்றனரென்று அவர் அறிவிக்கவே, பிற நாடுகளிலும் நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. நோய்க்கிருமியை ஒடுக்கியவை 1940களில் வந்த சல்ஃபோன் மருந்துகளே.

வெண்புண்ணுக்கும் அத்தகைய மருந்து 1950 இல் வெளிப்பட்டது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்மணிகள், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து நிஸ்டாடினைப் பிரித்தெடுத்தனர்.

பெரியவர்கள் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கொண்டு கொப்பளித்து உமிழ்வதில் தடையில்லை. கைக்குழந்தையின் வாயில் எண்ணெய் வார்த்தலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கலாம். கலப்பற்ற கிராம்பு எண்ணெய் வாயைப் புண்ணாக்கும். பெரியவர்க்கு வெண்படலம் தோன்றினால், நீரிழிவு போன்ற வேறொரு நோய் மறைந்திருத்தலும் கூடும். மருத்துவரிடம் காட்டுதல் பாட்டியின் வைத்தியத்தைப் பழித்தலாகாது. குழந்தை பிழைத்து நலமுற வேண்டுமென்பதன்றோ அவள் எண்ணியதும்!