துத்தநாகம்: உலையிலிருந்து ஊசிக்கு

கடல் கடந்த நம் நாட்டுச் சொற்களைப் பேசுவோர் அரிசி, இஞ்சி, தேக்கு என்பவற்றையே எடுத்துக்காட்டுவர். துத்தநாகத்தை நினைப்போர் அரியர். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்திய வணிகர் தம் சரக்குப் பட்டியல்களில் ‘டூட்டநாக்’ என்று எழுதியது பெரும்பாலும் இவ்வுலோகத்தைத்தான். தமிழ், மராத்தி முதலிய மொழிகளில் வழங்கிய சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலேயரை அடைந்தது. நாமோ துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டைத் ‘தகரம்’ என்கிறோம். வெள்ளீயத்திற்கும் அதே பெயர். ஈயம் எடுத்து வளர்ந்த இம்மலேசிய மண்ணில் மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வதில் வியப்பில்லை.

துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது எளிதன்று. 907 பாகை செல்சியசில் அது கொதித்து ஆவியாகிவிடும். அவ்வாவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரச்செய்து பிடிக்கும் நுட்பத்தை இராசத்தானத்துச் சாவர் ஊரார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெருந்தொழிலாக நடத்தினர். செருமனியில் மார்கிராப் என்பார் இதனைத் தனித்தெடுத்து விளக்கியது 1746இல்.

உயிர்களுக்கும் இது வேண்டும் என்ற செய்தி இன்னும் பிந்தியது. துத்தநாகம் இன்றேல் ஒருவகைக் கரும்பூஞ்சை செழிப்பதில்லை என்று பிரெஞ்சு அறிஞர் ரோலின் 1869இல் கண்டார். 1934இல் எலிகளிடம் இவ்வுண்மை நாட்டப்பட்டது. எனினும் மனிதனுக்கு இக்குறை வாராது என்றே கருதினர். எவ்வுணவிலும் சிறிதேனும் துத்தநாகம் உண்டல்லவா!

அக்கருத்தை மாற்றியவர் பீகாரைச் சேர்ந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரான் நாட்டுச் சீராசு நகரில் பணியாற்றியபோது, 21 அகவையினர் ஒருவர் பத்து வயதுச் சிறுவனைப்போல் தோற்றமளிக்கக் கண்டார். சோகை, வீங்கிய ஈரல், மண்ணைத் தின்னும் பழக்கம் ஆகியவையும் இருந்தன. இத்தகைய நோயாளர் சிலரைப் பற்றிய கட்டுரை 1961இல் வெளிவந்தது. அவர்களின் உணவு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. தானியத்திலுள்ள பைட்டேட்டு என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கிறது. பின்னர் எகிப்தில் செய்த ஆய்வில், துத்தநாகம் பெற்ற இளைஞர் வளர்ந்தனர், பருவமும் எய்தினர். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நம் வழக்கம் பைட்டேட்டைக் குறைக்கிறது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

உணவின் குறையே நோயாகும் என்பதை மலாயா முன்னரே கண்டதுண்டு. தீட்டிய வெள்ளரிசி உண்டோரைப் பெரிபெரி வாட்ட, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரிதும் தப்பினர். இவ்வேற்றுமையை நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் 1907இல் நூலாக எழுதினார். அரிசியில் ஏதோ நஞ்சு உளது என அவர் எண்ணியது பிழை. ஆயினும் அவர் காட்டிய இடம் சரியானது. குறைந்தது தவிட்டோடு போன சத்து.

இனி ஊசிக்கு வருவோம். குடல் இயங்காத நோயாளர்க்கு உணவு முழுவதையும் நாளத்தின் வழியே செலுத்தும் முறை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிலைபெற்றது. சருக்கரையும் புரதக்கூறும் அளந்து சேர்த்தனர். துத்தநாகத்தை எவரும் நினைக்கவில்லை. விளைவு, நியூசிலாந்தின் ஆக்லாந்து மருத்துவர் 1975இல் எழுதியபடி, வயிற்றுப்போக்கும் மனச்சோர்வும் முகத்தில் புண்ணும் முடியுதிர்தலும். துத்தநாகம் கொடுத்ததும் நோய் தணிந்தது. 1979இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அளவு வகுத்தது. உடல்நிலை சீரான வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 4 மில்லிகிராம். இன்றைய அளவு ஏறத்தாழ 3 மில்லிகிராம். மூன்று கிலோவுக்குக் குறைந்த குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம்.

இம்மருந்து புளிப்புத் தன்மை உடையது. தசையிலோ நாளத்திலோ நேரே குத்தினால் திசுக்களை எரிக்கும். ஆகவே உணவுக் கரைசலில் கலந்து, நீர்த்த நிலையில், மெல்ல மெல்லவே செலுத்துவர். வயிற்றுப்போக்கால் மிகுதியாக இழப்போர்க்கு அளவைக் கூட்டுவர். நெடுநாள் கொடுத்தால் குருதியில் செம்பின் அளவையும் பார்த்துக்கொள்வர். துத்தநாகம் மிகின் செம்பு குறைந்து சோகை உண்டாகும். வாயால் உண்ணக்கூடியவர்க்கு இவ்வூசி வேண்டுவதில்லை. வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் பரிந்துரைத்தது வாய்வழி மருந்தே: நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், ஆறு திங்களுக்கு உட்பட்டவர்க்கு 10, பத்து முதல் பதினான்கு நாள். தோட்டங்களில் ‘ஊசி போடாத வைத்தியம் ஒரு வைத்தியமா’ என்று கேட்போர் இன்னும் உளர். அவர்களுக்கு இதனைச் சொல்லவேண்டியவர் நம் ஆசிரியரே.

அளவு தவறியதன் கதைகள் கொடியவை. பிரிட்டிசு மருத்துவ இதழ் 1977இல் ஒரு மூதாட்டியின் வரலாற்றை வெளியிட்டது. 60 மணி நேரத்தில் 7.4 கிராம் துத்தநாகச் சல்பேட்டு அவர் நாளத்தில் ஏறிவிட்டது. குருதியழுத்தம் வீழ்ந்தது, நுரையீரலில் நீர் கோத்தது, காமாலை கண்டது. 47 நாள் கழித்து இறந்தார்.

2006இல் அமெரிக்காவின் லாசு வேகாசு நகரில் நிகழ்ந்தது பள்ளிக்கூடத்துக் கணக்கோடு தொடர்புடையது. குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு மருத்துவர் எழுதிய அளவு மைக்ரோகிராமில் இருந்தது. மருந்து கலக்கும் பொறியில் அதனைப் பதிந்தவர் மில்லிகிராம் என்று தெரிவுசெய்தார். ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம். எனவே மருந்து ஆயிரம் மடங்காயிற்று. அளவு மீறினால் தடுக்கும் வரம்பு அப்பொறியில் அமைக்கப்படவில்லை. துத்தநாகக் குழலைப் பன்முறை மீண்டும் நிரப்ப நேர்ந்தும் கலந்த கை நிற்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. இதன்பின் மருந்துப் பாதுகாப்பு அறிஞர்கள் வற்புறுத்தியவை: பொறிகளில் மேல்வரம்பு அமைத்தல், மருத்துவர் எழுதும் அலகும் பொறி கேட்கும் அலகும் ஒன்றாயிருத்தல், இரண்டாமவர் ஒருவர் முதலிலிருந்து தனியே கணக்கிட்டுப் பார்த்தல்.