கூந்தலும் காரமும்: திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றைக் கோட்டைகளாலும் கப்பல்களாலும் அளந்து காண்பதே நம்மிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை எழுப்பியதும், 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும், 1795இல் அது பிரித்தானியர் வசமானதும் பாடநூல்கள் கூறும் செய்திகளாகும். ஆயின், அக்கப்பல்களில் வந்திறங்கிய மனிதரைப் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை. மனிதர் கொண்டுவந்த மொழியும் பாட்டும் வரலாற்றுச் சான்றுகளாதல் போலவே, அவர்தம் தலைமயிரும் ஒரு சான்றாகும். அச்சான்றினை வைத்துக்கொண்டு, இன்று பல பெண்களின் அன்றாடக் கவலையாகிவிட்ட ஒரு பொருளை, அதாவது இரசாயனத்தால் நேராக்கப்பட்டு வறண்டு நொய்ந்துபோன கூந்தலை, நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைத் தொழிலாளராகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். பிரித்தானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்கரைச் சேர்த்துப் படைப்பிரிவுகளை அமைத்தனர். 1844ஆம் ஆண்டிலேயே அடிமை முறை இத்தீவில் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. இம்மக்களின் வழித்தோன்றல்களைக் காப்பிரிகள் என்பர். நம்பிக்கையற்றோர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர் பிற நாடுகளில் இழிசொல்லாகிவிட்டபோதும், இலங்கையில் அச்சமூகத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்வோர் பலராலும் அறியப்பட்டவர்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அவர்கள் போர்த்துக்கேயப் பறங்கியரோடு கலந்து, தமிழ் பேசும் அயலவரிடையே வாழ்ந்து வந்துள்ளனர்.

இத்தகைய கலப்பின் விளைவாகச் சில குடும்பங்களில் இறுகச் சுருண்ட மயிர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது. சுருட்டை மயிர் ஆபிரிக்க வழியினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழரிடையேயும் அது இயல்பாகக் காணப்படுவதே. ஆயினும் நமது சமூகம் எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய நீண்ட கூந்தலையே அழகின் அளவுகோலாகக் கொண்டது. அவ்வளவுகோலுக்கு அடங்காத தலையை ‘அடங்காத மயிர்’ எனக் குறை கூறுவதும் வழக்கமாயிற்று. அயலவர் கண்ணில் குறையெனப்பட்டது நாளடைவில் தன் கண்ணிலும் குறையாகவே படும். கூந்தலை நேராக்கும் வேட்கையின் வேர் இங்குதான் உள்ளது எனலாம்.

இவ்வேட்கை பெரும் வணிகமாக வளர்ந்த கதை அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஆபிரிக்கக் கரையிலிருந்து இந்து சமுத்திரம் வழியாக இலங்கைக்குக் கொணரப்பட்டோர் சிலர்; அத்திலாந்திக் சமுத்திரம் வழியாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரோ கோடிக்கு மேற்பட்டோர். தம் நாட்டுச் சீப்பையும் எண்ணெயையும், தலைவாரும் பொழுதையும் அவர்கள் இழந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் 1865இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும், நேரான மயிர் உடையோர்க்கே மதிப்பும் வேலையும் எளிதிற் கிட்டின. கிளீவ்லாந்து நகரில் தையற்கடை நடத்திய காரெற் மோர்கன், இயந்திர ஊசி துணியைக் கருக்காதிருக்க ஒரு திரவத்தை ஆராய்ந்தபோது, அது கம்பளி இழையை நேராக்குவதைத் தற்செயலாகக் கண்டார் என்பர். 1913இல் அதனை விற்க ஒரு நிறுவனத்தையும் அவர் தொடங்கினார். ஆடவர் சிலர் கடுங்காரத்தை முட்டையோடும் உருளைக்கிழங்கோடும் குழைத்து வீட்டிலேயே தலையிற் பூசி, எரிவைப் பொறுத்துக்கொண்டனர். மல்கம் எக்சின் 1965ஆம் ஆண்டுத் தன்வரலாறு இதனை விவரிக்கின்றது. 1954இல் சிக்காகோவில் ஜோர்ஜ் ஜோன்சன் தொடங்கிய நிறுவனம் இத்தகைய பூச்சினைத் தொழிற்சாலைப் பண்டமாக்கிப் பரப்பியது.

இப்பூச்சு செய்வது யாது? மயிர் கெரற்றின் என்னும் புரதத்தாலானது. அப்புரத இழைகளைக் கந்தக அணுக்களிடையேயான பிணைப்புகள் இறுகப் பிடித்து வைத்துள்ளன. சோடியம் ஐதரொட்சைட்டுப் போன்ற வன்காரம் அப்பிணைப்புகளை நிரந்தரமாகச் சிதைக்க, சுருள் நெகிழ்ந்து நேராகின்றது. அதே வேளையில் மயிரின் மேற்செதில்களும் பழுதடைகின்றன, உள்ளீரம் வெளியேறுகின்றது. சுருண்ட மயிரிலே தலைத்தோலின் நெய் நுனிவரை இறங்குவதில்லையாதலால், அது முன்னரே வறண்ட இயல்பினது. அவ்வறட்சியோடு காரத்தின் கேடும் சேரும்போது மயிர் பிளந்து முறிகின்றது.

இவ்வுண்மை நம் முன்னோர் அறியாததன்று. சலவைத் தொழிலாளர் பருத்தியை உவர்மண்ணில் இட்டு வெளுத்தனர். பட்டையோ பூந்திக்கொட்டை நுரையிலேயே அலசினர். பட்டும் மயிரும் ஒத்த புரதப் பொருள்கள். இரண்டையும் காரம் அரிக்கும். தோல் பதனிடுவோர் மயிரை நீக்கத் தோலைச் சுண்ணாம்பு நீரிலே ஊறவைப்பதும் இக்காரணம் பற்றியே. வன்காரம் அற்றது எனக் கூறி விற்கப்படும் பூச்சுகள் பலவற்றில் உள்ள கல்சியம் ஐதரொட்சைட்டு, வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்புதான். அது கல்சியப் படிவை மயிரின்மேல் விட்டுச்செல்லும். உலர்வலயக் கிணற்று நீரும் பெரும்பாலும் கல்சியம் மிக்க வன்னீராதலின், திருகோணமலைப் பகுதியில் அவ்வறட்சி இருமடங்காகின்றது எனலாம். கடற்காற்றின் உப்பும் வெயிலும் இதற்குத் துணை நிற்கின்றன.

ஆதலால் இத்தகைய கூந்தலைப் பேணுவோர் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று. பூச்சினை எட்டு வாரத்துக்குள் மீண்டும் இடலாகாது. இடுங்கால் புதிதாக வளர்ந்த அடிப்பகுதிக்கு மட்டும் இட வேண்டும். முன்னரே நேரானதன்மேல் மீண்டும் படின் மயிர் முறியும். எரிவு தோன்றியவுடன் நீரால் முற்றாகக் கழுவுதல் அவசியம். காரத்தை நடுநிலையாக்கும் ஷாம்பூவை இறுதியிற் பயன்படுத்தத் தவறலாகாது. இன்று அழகு நிலையங்களில் ‘ரிபோண்டிங்’ எனச் செய்யப்படுவது தயோகிளைக்கலேற்று என்னும் வேறொரு பொருளாலாயது. காரப்பூச்சு இட்ட மயிரில் அதனை ஒருபோதும் இடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் மயிர் கொத்தாக முறிந்து விழும்.

அன்றாடப் பேணலுக்கு வேண்டியவை எளியன. தலைகழுவுமுன் தேங்காய் எண்ணெய் பூசுதல் மயிரின் புரத இழப்பைக் குறைக்கின்றது என 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் பாட்டிமார் ஆய்வின்றியே செய்தது அது. சீகைக்காயைத் தூளாக வைத்துத் தேய்க்காது, வடித்த நீராகப் பயன்படுத்தலாம். செவ்வரத்தம் இலைச்சாறு மயிரை வழுவழுப்பாக்கிச் சிக்கெடுக்க உதவும். இறுதி அலசலுக்கு மழைநீர் கிடைப்பின் அதுவே சிறந்தது. கடலில் நீராடுவோர் முன்னரே நன்னீரால் தலையை நனைத்துக்கொண்டால் மயிர் உறிஞ்சும் உப்புநீர் குறையும். அகன்ற பற்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தலும், ஈரத்தில் இறுகப் பின்னாமையும், சூட்டுக் கருவிகளைத் தவிர்த்தலும், பிளந்த நுனியை அவ்வப்போது கத்தரித்தலும் வேண்டும். ஆயின் முறிந்த மயிரை எந்த எண்ணெயும் மீள ஒட்டாது. புதிதாக வளர்வதைக் காப்பதே உண்மையான பேணல்.

உடல்நலம் பற்றிய ஐயமும் இன்று எழுந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளியாயிற்று. மயிரை நேராக்கும் பொருள்களை ஆண்டில் நான்கு முறைக்கு மேற் பயன்படுத்தியோரிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. எழுபது வயதுக்குள் அந்நோய் காணும் வாய்ப்பு, பயன்படுத்தாதோர்க்கு நூற்றுக்கு 1.64 ஆகவும், அடிக்கடி பயன்படுத்துவோர்க்கு 4.05 ஆகவும் மதிப்பிடப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகின்றதேயன்றி, காரணத்தை ஐயமற நிறுவவில்லை. எனினும், முடிவெடுக்கும் பெண் இதனை அறிந்திருத்தல் அவள் உரிமையாகும்.

கூந்தலை நேராக்குவோரைப் பழித்தல் நம் நோக்கமன்று. அவரவர் தலை அவரவர்க்குரியது. ஆயின், விருப்பத்தால் செய்வதும் வெட்கத்தால் செய்வதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019இல், இயற்கைச் சுருள்மயிர் காரணமாக வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை ஒதுக்குவதைச் சட்டத்தால் தடுத்தது. நம்மிடையே சட்டம் வருமுன்னரே மாற வேண்டியது நம் நாவு. ஒரு சிறுமியின் தலையை வாரிவிடும் தாய், ‘அடங்காத மயிர்’ என்று சலித்துக்கொள்ளாது, அது எக்கடல் கடந்து எத்தகைய துன்பங்களைத் தாங்கி இத்துறைமுகத்தை அடைந்தது எனச் சொல்லிக் கொடுப்பாளாயின், அதுவே அக்கூந்தலுக்கு இடும் முதல் எண்ணெயாகும்.