தலையெழுத்தா, தடைக்கல்லா?

வகுப்பறையில் ஒரு மாணவன் எழுந்து நிற்கிறான். ஆசிரியர் வினாத் தொடுத்துவிட்டார். விடை அவன் நெஞ்சில் இருக்கிறது, நாவில் இல்லை. சொல் வரவில்லை, வியர்வை வருகிறது. சுற்றியிருப்போர் நகைக்கின்றனர். "உட்கார்" என்கிறார் ஆசிரியர். மாலையில் ஊர் தீர்ப்புக் கூறுகிறது: "அவன் தலையில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது!"

எழுதியவர் யார்? எந்தக் கையால் எழுதினார்? எந்த மொழியில் எழுதினார்? கேட்டால் விடையில்லை. விடையில்லாத இடத்தில்தான் விதி குடியேறுகிறது!

நாம் பள்ளி ஆசிரியர். இக்காட்சியை ஆண்டுதோறும் காண்பவர். தமிழில் கேட்டால் மளமளவென்று மறுமொழி தரும் சிறுவன், அதே வினாவை ஆங்கிலத்தில் கேட்டால் சிலையாகிவிடுவதைப் பார்த்தவர். அதனால்தான், இதே காட்சி கடல் கடந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த வரலாற்றைத் தேடிப் படித்தோம். தம் நாட்டில் முதல் மாணவராய் விளங்கியோர் அங்கே சென்று ஊமையராய் நின்றனர். கப்பலேறும்போது அறிவாளியாயிருந்தவன் கரையிறங்கும்போது மூடனாகிவிடுவானா? மூளையைக் கடல் கரைத்துவிடுமா? இல்லையெனில், இடையில் நேர்ந்தது என்ன? அதைக் கண்டறிந்து கைகொடுத்தவர் யார்? அவ்வரலாற்றைத் தோழர்கள் முன் வைக்கின்றோம்.

நூற்றிருபது சிறுவர்

யுங் விங் என்னும் சீன இளைஞர் 1854-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் சீனர் அவரே. தாம் பெற்ற கல்வியைத் தம் நாட்டு இளைஞரும் பெற வேண்டும் என்று அவர் பல்லாண்டு மன்றாடினார். அரண்மனை அசைய நாளாயிற்று. இறுதியில் இசைந்தது. 1872 முதல் 1875 வரை, ஆண்டுக்கு முப்பதின்மராக 120 சிறுவர் அமெரிக்கா சென்றனர்.

சென்ற சிறுவரை ஒரே கட்டடத்தில் அடைத்து வைக்கவில்லை. கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பகுதிக் குடும்பங்களில் சிறுசிறு குழுவாகத் தங்கவைத்தனர். உணவு மேசையில் ஆங்கிலம் கற்றனர்; தெருவில் பந்தாடும்போது கற்றனர். அதே வேளையில் தாய்மொழிக் கல்வி அறுந்துவிடவில்லை. ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த தலைமையகத்துக்கு முறைவைத்துச் சென்று சீனமும் படித்தனர். புதிய மொழியைப் புகட்டுவதற்குப் பழைய மொழியைப் பறிக்க வேண்டியதில்லை என்பதை அத்திட்டம் அன்றே காட்டியது.

பயன்? ஊமைகளாய் வந்தோர் சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளில் பரிசு பெற்றனர். கல்லூரிக் கதவைத் தட்டினர். ஆனால் அரண்மனைக்கு அச்சம் பிறந்தது. சிறுவர் சடையை வெட்டுகிறார்களாம். மூதாதையர் சடங்கை மறக்கிறார்களாம்! மறுபுறம், படைத்துறைக் கல்லூரிகளில் சீன மாணவரைச் சேர்க்க அமெரிக்க அரசு மறுத்தது. இரு பக்கமும் இடி! 1881-இல் மாணவர் அனைவரையும் திரும்ப அழைத்தது சீன அரசு. பெரும்பாலோர் பட்டம் பெறாமலே கப்பலேறினர். மறு ஆண்டே, 1882-இல், சீனத் தொழிலாளர் நுழைவைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது.

பட்டம் முடித்துத் திரும்பிய மிகச் சிலருள் ஒருவர் ஜான் தியென்யூ. யேலில் பொறியியல் கற்றவர். சீனப் பொறியாளரால் மலைவழிப் பாதை அமைக்கவே இயலாது என்று அயலார் எள்ளி நகைத்த காலத்தில், பீக்கிங் நகரையும் கால்கனையும் இணைக்கும் இருப்புப் பாதையை 1909-இல் முடித்துக் காட்டினார். ஒருவர் இவ்வளவு செய்தார் என்றால், பாதியில் இழுத்துவரப்பட்டோர் படிப்பை முடித்திருந்தால் எவ்வளவு செய்திருப்பர்! அவர்தம் மூளையிலா குறை? சடையை அளந்து சான்றிதழ் தரும் ஆட்சியில் அன்றோ குறை!

படிக்கட்டில் ஒரு தனியன்

நியூயார்க் நகரம். கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் படிக்கட்டு. 1909-ஆம் ஆண்டின் ஒரு குளிர் காலை. ஹாரி எட்மண்ட்ஸ் என்னும் இளைஞர், எதிரே வந்த சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறிவிட்டு நடந்தார். அம்மாணவர் நின்றார், நன்றி கூறினார். நகருக்கு வந்து மூன்று வாரமாகியும் தம்மிடம் பேசிய முதல் மனிதர் நீங்களே என்றார்!

ஆயிரக்கணக்கானோர் நடமாடும் இடத்தில் மூன்று வாரம் ஒருவரும் பேசவில்லை! பேச்சே இல்லாதவனுக்கு மொழி எங்கிருந்து வரும்? பாடத்தில் ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பான்? எட்மண்ட்ஸ் தம் மனைவியிடம் இதைக் கூறினார். இருவரும் ஞாயிறுதோறும் அயல்நாட்டு மாணவரை வீட்டுக்கு அழைத்து விருந்தளித்தனர். வீடு போதவில்லை, மன்றம் பிறந்தது. மன்றம் போதவில்லை, ராக்ஃபெல்லரின் பொருளுதவியால் 1924-இல் நியூயார்க்கில் பன்னாட்டு மாணவர் இல்லம் எழுந்தது.

அதே கொலம்பியாவுக்கு 1913-இல் நம் நாட்டிலிருந்து ஒரு மாணவர் சென்றார். வயது இருபத்திரண்டு. பள்ளியில் பிறர் தொடும் தண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் ஒதுக்கப்பட்டவர். பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையை நம்பிக் கடல் கடந்தவர். அங்கே அவரை யாரும் ஒதுக்கி உட்கார வைக்கவில்லை. ஜான் டூயியிடம் மெய்யியல் கேட்டார். செலிக்மனிடம் பொருளியல் கற்றார். 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916-இல் இந்தியாவில் சாதி பிறந்த வகையை ஆராய்ந்து ஆய்வரங்கில் கட்டுரை படித்தார். அவர்தாம் அண்ணல் அம்பேத்கர்!

அவரே 1917-இல் பரோடாவுக்குத் திரும்பியபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சத்திரத்திலிருந்து துரத்தப்பட்டார். அறிவு அதே அறிவு. ஆள் அதே ஆள். அங்கே நூலகக் கதவு திறந்தது. இங்கே சத்திரக் கதவு சாத்தப்பட்டது. தலையெழுத்து என்ற ஒன்று இருந்திருந்தால், இரு நாட்டிலும் ஒன்றாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

அமெரிக்கா அப்பழுக்கற்ற பூமி என்று நாம் கூறவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1930-இல் பன்னாட்டு இல்லம் திறக்கப்பட்டது. நிறவேறுபாடு பாராமல், ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில் தங்குவதா என்று சினந்தெழுந்தனர் வீட்டுச் சொந்தக்காரர்கள். எதிர்ப்புக் கூட்டம் கூட்டினர். அக்கூட்டத்திலே எழுந்து நின்று இல்லத்துக்காக வாதாடினார் டெலைலா பீஸ்லி என்னும் கறுப்பினப் பெண் எழுத்தாளர். வெள்ளையர் சங்கங்கள் அணிவகுத்த தெருவிலேயே, அந்த இல்லம் நிமிர்ந்து நின்றது. இருக்க இடமின்றி அலைபவன் இரவில் என்ன படிப்பான்? ஆகவே, கல்வி உதவியின் முதற்படி கூரை; இரண்டாம் படி கூட்டாளி.

மிச்சிகன் கண்ட உண்மை

கூரையும் கூட்டாளியும் கிடைத்துவிட்டால் போதுமா? வகுப்பறையில் நா எழ வேண்டுமே! அதற்கு வழிகண்ட இடம் மிச்சிகன் பல்கலைக்கழகம்.

அங்கே 1896-இலேயே இரு சீனப் பெண்கள் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தனர். அத்தகைய பெண்களின் தொண்டைக் கீழ்நாட்டுப் பயணத்தில் நேரிற் கண்டு வியந்தார் லீவை பார்பர் என்னும் வழக்கறிஞர். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்றே 1917-இல் உதவித்தொகை நிறுவினார். அதைப் பெற்றவருள் ஒருவர் தலைச்சேரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஜானகி அம்மாள். சென்னையில் பயின்று, சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1931-இல் மிச்சிகனில் தாவரவியலில் முனைவரானார். பின்னர்க் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட நாட்டில், கரும்பின் மரபுக்கூற்றை ஆராய்ந்தது ஒரு பெண்ணின் அறிவு!

மிச்சிகனில் 1938-இல் அயல்நாட்டு மாணவர்க்கெனப் பன்னாட்டு நடுவம் தோன்றியது. 1941-இல் ஆங்கிலமொழி நிலையம் பிறந்தது. அதை நடத்தியவர் சார்லஸ் ஃபிரீஸ் என்னும் மொழியியல் அறிஞர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மாணவர்க்கு முதலிற் பயிற்சி அளித்தார். அவர்கள் செய்த பிழைகளைக் கண்டு சினம் கொள்ளவில்லை. அவற்றைச் சான்றுகளாக எடுத்து ஆராய்ந்தார். பிழை குருட்டாம்போக்கில் வருவதில்லை. அதற்கு ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு பெரிதும் தாய்மொழியின் அமைப்பிலிருந்து வருகிறது என்று கண்டார்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? ஸ்பானிய மொழியில் வினைச்சொல்லின் ஈறே எழுவாயைக் காட்டிவிடும். நம் தமிழில் 'வந்தேன்' என்றாலே 'நான்' என்பது விளங்கவில்லையா? அதுபோல. அம்மொழியாளர் ஆங்கிலம் பேசினால் எழுவாயை விட்டுவிடுவர். அவர்கள் 'ஸ்கூல்' என்னும் சொல்லை 'எஸ்கூல்' என்பர். நம் சிற்றூர்த் தாய்மார் 'இஸ்கூல்' என்கிறார்களே! ஸ்பெயினுக்கும் செங்கற்பட்டுக்கும் ஒரே தலையெழுத்தா? அன்று! இரு மொழியிலும் சொல்லின் முதலில் அவ்வகை மெய்ம்மயக்கம் இல்லை. நா ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அழைக்கிறது. அவ்வளவுதான்!

ஃபிரீசுக்குத் துணை நின்ற இராபர்ட் லாடோ, அமெரிக்காவில் பிறந்தாலும் ஸ்பெயினில் வளர்ந்து, இருபத்தொரு வயதுக்குப் பின்னரே ஆங்கிலத்தை முயன்று கற்றவர். தடுமாறிய நா எது என்பதை அறிந்தவர். இருமொழிகளையும் அவற்றைச் சூழ்ந்த பழக்கவழக்கங்களையும் ஒப்பிட்டு 1957-இல் நூல் எழுதினார். எல்லாப் பிழையும் தாய்மொழியால் வருவதன்று என்று பிற்கால ஆய்வாளர் திருத்தம் கூறினர். நன்று! திருத்தத்தை ஏற்பதுதான் அறிவியல். ஆனால், பிழை மந்தபுத்தியின் அடையாளம் என்ற பழி அன்று பெற்ற அடியிலிருந்து மீளவேயில்லை.

சட்டமே ஒப்புக்கொண்டது

மொழி வந்தபின்னும் ஒரு மதில் உண்டு. ஆசிரியர் எதிரே வாய்பொத்தி நிற்பதே பணிவு என்று பயிற்றப்பட்டவன், வாய்திறந்து வாதிடுவதற்கே மதிப்பெண் தரும் வகுப்பில் என்ன செய்வான்? நூலை வரிக்கு வரி ஒப்புவிப்பதே படிப்பு என்று பழகியவன், பிறர் வரியைப் பெயர் சுட்டாமல் எழுதுவது திருட்டு என்னும் இடத்தில் எங்ஙனம் பிழைப்பான்? ஆகவே அங்கே பல்கலைக்கழகங்கள் இவற்றை வெளிப்படையாகக் கற்பிக்கின்றன. மாணவர் தயங்காமல் வந்து ஐயம் கேட்கப் பேராசிரியர் வாரந்தோறும் நேரம் ஒதுக்குகிறார். கட்டுரையைத் திருத்திக் கொள்ள எழுத்துப்பயிற்சி நடுவங்கள் உள்ளன. பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் அலுவலர் உள்ளனர். இப்பணி ஆற்றுவோர் 1948-இலேயே நாடளாவிய சங்கம் அமைத்தனர்.

இதில் உயிர்ப்பான செய்தி ஒன்று உண்டு. அந்நாட்டு மாணவன், பாடம் கடினமானால் ஒன்றை விட்டுவிட்டு அடுத்த பருவத்தில் படிக்கலாம். அயல்நாட்டு இளங்கலை மாணவனோ பருவத்துக்குப் பொதுவாக 12 அலகுகளாவது படித்தாக வேண்டும். தன் விருப்பத்துக்குக் குறைத்தால் அந்நாட்டில் தங்கும் உரிமையே போய்விடும். ஆனால் முன்கூட்டியே பல்கலைக்கழக அலுவலரிடம் சென்றால், சுமையைக் குறைக்க அவர் இசைவு தரலாம். எக்காரணங்களுக்கு? தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நேரும் இடர்ப்பாடு. அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாமை. பொருந்தாத நிலைப் பாடத்தில் சேர்க்கப்பட்டமை! இவை அமெரிக்க அரசின் விதியிலேயே எழுதப்பட்டவை.

தோழர்களே, இவ்விதியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்! நூலகப் படிக்கட்டில் ஒருவர் கூறிய வணக்கத்தில் தொடங்கியது. மொழியறிஞரின் ஆய்வில் வளர்ந்தது. சட்டத்தின் எழுத்தாக முடிந்தது. 'உன் தலையில் எழுதியது' என்று சட்டம் கூறவில்லை. 'உன் பாதையில் கிடக்கும் கல்' என்று கூறுகிறது. கல் என்றால் பெயர்க்கலாம் அன்றோ?

கேட்பது இழுக்கன்று

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற அயல்நாட்டு மாணவர் 11 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் இந்தியர் 3 இலட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல். அவ்வாண்டு நம் நாடே முதலிடம். நம் தெருப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் உண்டு. நிலத்தை அடகு வைத்தும் கடன் வாங்கியும் அனுப்பிய பெற்றோர் பலர். அம்மாணவன் முதற் பருவத்தில் தடுமாறினால் பெற்றோரிடம் சொல்ல வெட்கம். ஆசிரியரிடம் கேட்க அச்சம். வெட்கமும் அச்சமும் சேர்ந்து அவனை அறைக்குள் பூட்டுகின்றன. சோதிடனிடம் காட்டக் குறிப்பை எடுக்கிறது இங்கே வீடு! எடுக்க வேண்டியது குறிப்பையா? அவன் எடுக்க வேண்டியது பாடத்திட்டத்தை. தட்ட வேண்டியது பேராசிரியரின் கதவை. செல்ல வேண்டியது வழிகாட்டும் அலுவலரிடம். அதுவும் முதல் மாதத்திலேயே! கேட்பது இழுக்கன்று. கேட்கவே அஞ்சுமாறு பயிற்றிய கல்விதான் இழுக்கு.

முன்னர்ச் சென்றோர் பின்னர் வருவோர்க்கு ஒரு வணக்கம் கூறுங்கள். மூன்று வாரம் ஒருவனும் பேச்சற்று நிற்க வேண்டாம். இங்கே உள்ள நம்போன்ற ஆசிரியர்களோ, நாளைக் காலை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து விடையின்றி நின்றால், "உட்கார்" என்று சொல்லுமுன் ஒரு நொடி நிறுத்துவோம். "தமிழில் சொல், தம்பி" என்போம். அவன் நெஞ்சில் இருந்த விடை வெளிவரும். வெளிவந்த விடையை ஆங்கிலத்தில் சொல்லக் கற்பிப்பது நம் கடமை. அதற்குத்தானே ஊதியம் பெறுகிறோம்!

எழுத்து அவன் தலையில் இல்லை. எழுதுகோல் நம் கையில் இருக்கிறது.